கார்ல துப்பாக்கி இருக்கறப்போ காப் நிறுத்துனா சொல்லணுமா வேணாமா? (டெக்சாஸ் டு நியூ ஜெர்சி)

கரிசல்காடு:
வணக்கம் மக்களே. சட்டம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க. நான் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோல இருக்கேன், போன வருஷம் கிரீன் கார்டு வந்துச்சு, வந்ததும் ரொம்ப நாள் ஆசைன்னு ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கிட்டேன், சனி ஞாயிறு சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு போறதோட சரி. டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசானவங்களுக்கு கைத்துப்பாக்கிய கூட வச்சுக்கிட்டு போக கேரி லைசன்ஸ் தேவையில்லன்னு ஆயிருச்சுல்ல, அதனால லைசன்ஸும் எடுக்கல. இப்போ எடிசன்ல அக்கா வீட்டு கிரகப்பிரவேசம், கார்லயே போயிறலாம்னு பிளான், ராத்திரியும் ஓட்டவேண்டி வரும், ஒரு தைரியத்துக்கு பிஸ்டல கிளவ் பாக்ஸ்ல வச்சுக்கலாம்னு நெனைக்கறேன். வழியில காப் நிறுத்துனா நானா முந்திக்கிட்டு சொல்லணுமா, இல்ல அவர் கேட்டா மட்டும் சொன்னா போதுமா? ரேஞ்சுல ஒருத்தர் சொல்லவே சொல்லாதங்கறார், இன்னொருத்தர் கண்ணாடி இறக்குனதுமே சொல்லிருங்கறார். யார் பேச்ச கேக்கறது?

பிளேனோ பெருசு:
தம்பி, சொல்றதா வேணாமாங்கறது அப்புறம். மொதல்ல அத கிளவ் பாக்ஸ்ல வைக்கற யோசனைய விடுங்க. உங்க இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்கு? அங்கதான? காப் பேப்பர் கேப்பார், நீங்க எட்டி கிளவ் பாக்ஸ திறப்பீங்க, உள்ள பிஸ்டல் தெரியும், உங்க கை அதுக்கு நாலு விரக்கடை தள்ளி இருக்கும். அந்த நேரத்துல உங்க உரிமை என்னன்னு அவர் சட்டப் புத்தகத்த புரட்டிப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டார்.

பேப்பரெல்லாம் சன் வைசர்ல. லைசன்ஸ் சட்டைப் பையில. லைட்டு சுத்த ஆரம்பிச்சதும் இண்டிகேட்டர் போட்டு வலது ஓரம் கட்டுங்க, இஞ்சின் ஆஃப், ராத்திரின்னா உள் லைட்ட போடுங்க, கண்ணாடிய இறக்குங்க, ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல. அவ்ளோதான். நம்ம ஊர்ல டிராஃபிக் போலீஸ் கை காட்டுனா வண்டிய விட்டு இறங்கி ஓடிப்போய் "சார் சார்"னு நிக்கறதுதான் மரியாதை, அந்த பழக்கத்துல இங்க புதுசா வந்தவங்க நெறைய பேர் கதவ திறந்து இறங்கிடறாங்க. இங்க அது ஆபத்து. அவர் சொல்ற வரைக்கும் சீட்ட விட்டு எழுந்திருக்கவே கூடாது.

சட்டம்பேசி:
பெரியவர் சொல்றது சரிதான், ஆனா கேள்விக்கு பதில் வரலயே. டெக்சாஸ்ல லைசன்ஸ் இல்லாம கேரி பண்றவன் தானா வாய திறந்து சொல்லணும்னு எந்த சட்டமும் இல்ல. லைசன்ஸ் வச்சிருக்கவன்தான், அதுவும் ஆபீசர் ஐடி கேட்டா, டிரைவிங் லைசன்ஸோட கேரி லைசன்ஸையும் சேத்து நீட்டணும். அதையும் செய்யலன்னா தண்டனை கெடையாது, 2009லயே எடுத்துட்டாங்க. அப்புறம் எதுக்கு வலிய போய் சொல்லணும்? ஸ்பீடிங்குக்கு நிறுத்துனா ஸ்பீடிங்க பத்தி பேசு, டிக்கெட்ட வாங்கு, கெளம்பு. உரிமைன்னு ஒண்ணு இருக்கறதே கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லாம இருக்கத்தான.

குமாஸ்தா:
நான் வக்கீல் இல்ல, கிரிமினல் டிஃபென்ஸ் ஆபீஸ்ல ஃபைல் தூக்கற ஆள், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

சட்டம்பேசி சொல்றது டெக்சாஸ் எல்லை வரைக்கும் சரி. எல்லை தாண்டுனா ஒவ்வொரு ஸ்டேட்டும் ஒரு கதை. மிச்சிகன்ல ஒளிச்சு வச்சு கேரி பண்றவன் காப் நிறுத்துன உடனே அவனாவே சொல்லியாகணும், நார்த் கரோலினாலயும் பெர்மிட் வச்சிருக்கவன் அப்படித்தான். ஒஹாயோல முன்னாடி சொல்லியே ஆகணும்னு இருந்துச்சு, 2022ல மாத்தி, கேட்டா சொன்னா போதும்னு ஆக்கிட்டாங்க. அதனால பொதுவா "சொல்லு", "சொல்லாத"ன்னு யாரும் சொல்ல முடியாது, போற வழியில இருக்கற ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனியா பாக்கணும்.

காப் என்ன செய்யலாம்ங்கறதுக்கு அடிப்படை மட்டும் நாடு முழுக்க ஒண்ணுதான், எல்லாம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, சில ஸ்டேட் அதுக்கு மேலயும் காப்ப கட்டுப்படுத்தி வச்சிருக்கு. உன்னை வண்டிய விட்டு இறங்குன்னு சொல்லலாம், காரணமே சொல்ல வேணாம். 1977ல பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கு, அதுலயும் விஷயம் துப்பாக்கிதான், நம்பர் பிளேட் காலாவதி ஆனதுக்கு நிறுத்தி இறங்க சொன்னா ஜாக்கெட்டு உப்பலா இருந்துச்சு, உள்ள ரிவால்வர். கூட வந்தவங்களையும் இறங்க சொல்லலாம்னு 1997ல சொல்லிட்டாங்க. ஆளு ஆபத்தானவன், கைக்கெட்டற இடத்துல ஆயுதம் இருக்குன்னு சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தா வண்டிக்குள்ள ஆயுதம் இருக்கற மாதிரி இடங்கள தடவி பாக்கலாம், இது 1983 மிச்சிகன் எதிர் லாங். ஸ்டாப் முடியற வரைக்கும் உன் துப்பாக்கிய அவர் வாங்கி வச்சுக்கறதும் நடக்கும். டெக்சாஸ் சட்டத்துலயே லைசன்ஸ் உள்ளவன்கிட்ட இருந்து பாதுகாப்புக்காக வாங்கலாம், பிரச்சனை இல்லன்னா அவன அனுப்பறதுக்கு முன்னாடி திருப்பி குடுத்துரணும்னு எழுதி இருக்கு.

இதுல இருந்து என்ன தெரியுதுன்னா, இறங்க சொல்லி தடவி பாக்கறப்போ அவரா கண்டுபிடிக்கறதவிட நீ அமைதியா முன்னாடியே சொன்னது நல்லது. இது சட்டம் இல்ல, என் அபிப்பிராயம்.

வைகை நதி:
முன்னாடியே அமைதியா சொன்னா நல்லதா? ஃபிலாண்டோ காஸ்டில் என்ன பண்ணார்? 2016 ஜூலை, மினசோட்டா ஃபால்கன் ஹைட்ஸ், பெர்மிட் இருந்துச்சு, மரியாதையா "சார், என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு சொல்லிக்கறேன்"னு சொன்னார். சில நொடியில காப் ஏழு ரவுண்டு சுட்டார், ஆளு செத்துட்டார். பக்கத்து சீட்ல கேர்ள்ஃபிரண்டு, பின்னாடி அவங்க நாலு வயசு பொண்ணு. சுட்ட போலீஸ்காரர 2017ல ஜூரி விடுதலை பண்ணிருச்சு. வாய் திறந்ததுக்கு கெடச்ச பரிசு இதுதான். இங்க எல்லாரும் ரூல்ஸ் எழுதறீங்க, தோல் நிறம்னு ஒண்ணு இருக்கறத ஒருத்தரும் எழுத மாட்டேங்கறீங்க. நாமளும் ராத்திரி இருட்டுல கண்ணாடிக்கு உள்ள ஒரு கறுத்த மூஞ்சிதான்.

பிளேனோ பெருசு:
நதி, அந்த டேஷ்கேம் வீடியோவ நானும் பாத்திருக்கேன், பாத்துட்டு அன்னிக்கு தூக்கம் வரல. நிறத்த பத்தி நீங்க சொல்றதுக்கு நான் எதிர்வாதம் பண்ணப்போறதில்ல. ஆனா அதுல ஒரு வரிசை இருக்கு, அத கவனிங்க. காப் லைசன்ஸும் இன்சூரன்ஸும் கேக்கறார். இவர் இன்சூரன்ஸ் கார்ட குடுத்துட்டு துப்பாக்கி விஷயத்த சொல்றார். "அப்போ அத எடுக்காத"ங்கறார் காப். இவர் எடுக்கலன்னு சொல்றார், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கைய எங்கயோ கொண்டு போன மாதிரி அவருக்கு தோணிருச்சாம். நியாயம்னு சொல்லல, அநியாயம்தான். ஆனா நம்ம பசங்களுக்கு நான் சொல்றது, ரெண்டு வேலைய ஒண்ணா செய்யாத. துப்பாக்கி பேச்ச எடுக்கறப்போ கை அசையவே கூடாது. லைசன்ஸ் எடுக்கணும்னா அவர் "சரி, எடு"ன்னு சொன்ன பிறகு எடு.

வார்த்தையும் முக்கியம். "கன்"ங்கற சொல்லோட ஆரம்பிக்காதீங்க. லைசன்ஸ் வச்சிருக்கவங்க "ஆபீசர், ஐ ஹேவ் எ லைசன்ஸ் டு கேரி"ன்னு ஆரம்பிச்சு, எங்க இருக்குன்னு சொல்லி, "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க"ன்னு கேட்டு நிறுத்திருங்க.

சட்டம்பேசி:
அதான் சொல்றேன், சொன்னதாலதான அந்த பேச்சே வந்துச்சு.

எடிசன் அக்கா:
எல்லாரும் சொல்லணுமா வேணாமான்னு அடிச்சுக்கறீங்க, அந்த தம்பி எங்க வர்றார்னு யாராச்சும் பாத்தீங்களா? நியூ ஜெர்சிக்கு! இங்க டெக்சாஸ் லைசன்ஸே செல்லாது, லைசன்ஸ் இல்லாத டெக்சாஸ்காரர் நெலமைய கேக்கவே வேணாம்.

2013ல பிலடெல்பியால இருந்து ரெண்டு பசங்களோட அம்மா ஒருத்தங்க, சிங்கிள் மதர், வழிப்பறிக்கு பயந்து துப்பாக்கி வாங்கி பென்சில்வேனியா பெர்மிட்டும் வச்சிருந்தவங்க, ஆத்துக்கு இந்தப் பக்கம் ஜெர்சிக்கு கார்ல வந்தாங்க. லேன் மாத்துனதுல ஏதோன்னு காப் நிறுத்துனார். யோக்கியமா அவங்களே சொன்னாங்க, துப்பாக்கி இருக்கு, இந்தாங்க பெர்மிட்டுன்னு. அங்கயே அரெஸ்ட். பக்கத்து ஸ்டேட் பெர்மிட் இங்க காகிதம்தான். இங்க பெர்மிட் இல்லாம கைத்துப்பாக்கி வச்சிருந்தா செகண்ட் டிகிரி குற்றம், அஞ்சுல இருந்து பத்து வருஷம், அதுலயும் கிரேவ்ஸ் ஆக்ட்னு ஒண்ணு, குறைஞ்சது 42 மாசம் பரோலே இல்லாம உள்ள இருக்கணும். ஊரே கத்தி, நாடே பேசி, கடைசில 2015ல கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு குடுத்த பிறகுதான் அவங்களுக்கு விமோசனம். அவங்க சிட்டிசன். இந்த தம்பி கிரீன் கார்டு. இவருக்கு துப்பாக்கி கேஸ்ல தண்டனை ஆச்சுன்னா ஜெயிலோட முடியாது, குடியேற்ற சட்டத்துல அது நாடு கடத்தறதுக்கே ஒரு காரணம்.

தம்பி, கிரகப்பிரவேசத்துக்கு சுண்டல் பாத்திரத்த எடுத்துட்டு வாங்க, அத எடுத்துட்டு வராதீங்க.

கரிசல்காடு:
அக்கா பயமுறுத்துறீங்க. ஆனா ஃபெடரல் சட்டம் ஒண்ணு இருக்கே, ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு கொண்டு போகலாம்னு? ரேஞ்சுல அதத்தான் சொன்னாங்க.

குமாஸ்தா:
இருக்கு. 1986ல வந்தது, சுருக்கமா ஃபோப்பான்னு சொல்வாங்க. ஆனா எல்லாரும் அத தலைப்ப மட்டும் படிச்சுட்டு பேசறாங்க. கெளம்பற இடத்துலயும் போய்ச் சேர்ற இடத்துலயும் அந்த துப்பாக்கிய வச்சிருக்கவும் கேரி பண்ணவும் உனக்கு சட்டப்படி உரிமை இருந்தாத்தான் நடுவுல இருக்கற ஸ்டேட்ட கடந்து போக அது பாதுகாப்பு. ரவுண்டு ஏத்தி இருக்கக்கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் உக்காந்திருக்கவன் கைக்கு எட்டக்கூடாது, டிக்கி தனியா இல்லாத வண்டின்னா பூட்டுன பெட்டியில இருக்கணும். அந்தப் பூட்டுன பெட்டிங்கறது கிளவ் பாக்ஸும் இல்ல, கன்சோலும் இல்லன்னு சட்டத்துலயே எழுதி இருக்கு. நீ வைக்கறேன்னு சொன்ன அதே இடம்.

உன் வழிய பாரு. எப்படியும் இன்டர்ஸ்டேட் 81 பிடிச்சு வர்ஜீனியா, கொஞ்சூண்டு வெஸ்ட் வர்ஜீனியா, அப்புறம் மேரிலாண்ட். மேரிலாண்ட்ல அந்த ரோடு 12 மைல்தான், பேசிக்கிட்டு இருக்கறப்பவே தாண்டிருவ, ஆனா மேரிலாண்டும் வெளி ஸ்டேட் பெர்மிட் எதையும் ஏத்துக்காது. அப்புறம் பென்சில்வேனியா, 78 பிடிச்சு ஜெர்சி. நடுவுல கடக்கறதுக்குத்தான் ஃபோப்பா, உனக்கு ஜெர்சி நடுவுல இல்ல, போய்ச் சேர்ற இடம். அங்க உனக்கு கேரி பண்ற உரிமை இல்ல, அப்போ அந்த சட்டம் உன்னை எங்க காப்பாத்தும்?

நடுவுல கடக்கறவனே மாட்டுனதும் உண்டு. யூட்டாக்காரர் ஒருத்தர் 2005ல ஜெர்சி நுவார்க் ஏர்போர்ட்ல கனெக்ஷன் ஃபிளைட்ட விட்டுட்டு, பெட்டிய வாங்கிக்கிட்டு ஒரு ராத்திரி ஓட்டல்ல தங்குனார், பெட்டிக்குள்ள பூட்டி வச்ச துப்பாக்கி. காலையில செக்கின்ல அவரா சொன்னார், அரெஸ்ட். கேஸ தள்ளுபடி பண்ணிட்டாங்க, ஆனா அவர் திருப்பி நஷ்டஈடு கேட்டு போட்ட வழக்குல, ஓட்டல்ல பெட்டி கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சுல்ல, ஃபோப்பா பொருந்தாதுன்னு 2010ல மூணாவது சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட் சொல்லிருச்சு. ஒரு ஃபிளைட் தவறுனதுக்கு இவ்வளவு.

பாஸ்டன் பொரி:
துப்பாக்கி இல்லாதவங்களுக்கும் சேத்து ஒரு கேள்வி. காப் "வண்டிய கொஞ்சம் பாக்கலாமா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா என்ன சொல்றது? மறுத்தா சந்தேகம் வராதா?

குமாஸ்தா:
இதுலதான் நம்ம ஆளுங்க நெறைய பேர் கோட்டை விடறாங்க. மறுக்கலாம். மறுத்தத மட்டுமே காரணமா காட்டி அவர் சோதனை போட முடியாது. ஆனா மறுக்கற உரிமை உனக்கு இருக்குன்னு அவர் உன்கிட்ட சொல்லணும்னு அவசியம் இல்ல, 1973லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதனாலதான் அது கேள்வி மாதிரி வரும், கட்டளை மாதிரி வராது. "ஆபீசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்." இத ஒரு தடவ தெளிவா சொல்லு, கேமரால பதியற மாதிரி. அதுக்கு மேலயும் அவர் தேடுனா கைய நீட்டி தடுக்காத, கதவ பிடிச்சுக்காத. சொன்னது ரெக்கார்ட்ல இருந்தா வக்கீல் அத வச்சு கோர்ட்ல பேசுவார், நீ கைய வச்சுட்டா உன் மேலயே புது கேஸ்.

சம்மதம் இல்லாம தேட அவருக்கு தகுந்த காரணம் வேணும். 1925ல மதுவிலக்கு காலத்துல சாராயம் கடத்துன கார பத்தின வழக்குல இருந்து காருக்கு வாரண்ட் தேவையில்ல, ஆனா காரணம் வேணும்னு ஆயிருச்சு. டெக்சாஸ்ல கஞ்சா வாசனை வந்துச்சுன்னாலே அவருக்கு அது போதும். போன் மட்டும் வேற, அரெஸ்டே பண்ணாலும் போன் உள்ள பாக்க வாரண்ட் வேணும், 2014 ரைலி தீர்ப்பு. நீயா பாஸ்வேர்ட் போட்டு குடுக்காத வரைக்கும்.

போதை மோப்ப நாய் விஷயமும் கேக்கறாங்க அடிக்கடி. ஸ்டாப் நடந்துக்கிட்டு இருக்கறப்பவே நாய் வந்து சுத்துனா தப்பில்ல, 2005 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஆனா டிக்கெட்டோ வார்னிங்கோ எழுதி முடிச்சுட்டு சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாம நாய் வர்ற வரைக்கும் நில்லுன்னு நிறுத்தி வைக்கக்கூடாது, 2015 ரோட்ரிகஸ் வழக்கு, நெப்ராஸ்கா, அதுல கூடுதலா நிறுத்துனது ஏழெட்டு நிமிஷம்தான். அதுவே தப்புன்னு சொன்னாங்க. அதனால பேப்பர் கைக்கு வந்ததும் "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?"ன்னு கேளு. போலாம்னா போயிரு, நின்னு கதை பேசாத.

சட்டம்பேசி:
இது, இதத்தான் நான் எதிர்பாத்தேன். வீடியோவும் எடுக்கலாம், அதுவும் உரிமை. டெக்சாஸுக்கான அஞ்சாவது சர்க்யூட் 2017லயே சொல்லிருச்சு. போன டேஷ்போர்டு ஸ்டாண்ட்ல முன்னாடியே மாட்டி வைங்க, நிறுத்துன பிறகு எடுக்க தடவாதீங்க.

வாதம் பண்ணவும் தயங்காதீங்கப்பா, நாம என்ன திருடனா?

பிளேனோ பெருசு:
வாதம் பண்ணுங்க, ஜட்ஜ்கிட்ட. இதே டெக்சாஸ்ல லாகோ விஸ்டாங்கற ஊர்ல ஒரு அம்மா, கார்ல ரெண்டு குழந்தைங்க, யாரும் சீட் பெல்ட் போடல. மிஞ்சிப்போனா 50 டாலர் ஃபைன். காப் விலங்கு மாட்டி ஸ்டேஷனுக்கு கொண்டு போயிட்டார். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2001ல 5க்கு 4ன்னு தோத்தாங்க, ஃபைன் மட்டுமே இருக்கற குற்றத்துக்கும் அரெஸ்ட் பண்ணலாமாம். அதனால டிக்கெட்ல கையெழுத்து கேட்டா போட்டுருங்க, குத்தத்த ஒத்துக்கறதா அர்த்தம் இல்ல, கோர்ட்டுக்கு வர்றேன்னுதான் அர்த்தம். கையெழுத்து போட மாட்டேன்னு முறுக்கிக்கிட்டு நின்னு உள்ள போனவங்க கதை எனக்கு தெரியும்.

கரிசல்காடு:
சரி, ஒத்துக்கறேன், ஜெர்சிக்கு கொண்டு போகல. ஆனா டென்னசி வரைக்குமாச்சும்னு ஒரு சபலம். கூட என் ரூம்மேட் வர்றான், மாத்தி மாத்தி ஓட்டுவோம், அவன் எச்1பிதான். அவன் ஓட்டறப்போ நிறுத்துனா துப்பாக்கி என்னோடதுன்னு நான் சொல்லிட்டா போதும்ல?

குமாஸ்தா:
ஐயோ ராசா. இத மொத போஸ்ட்லயே எழுதி இருந்தா பாதி இழையே தேவைப்பட்டிருக்காது.

எச்1பி, எஃப்1, எச்4, இப்படி தற்காலிகமா தங்கற நான்-இமிகிரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது, ஃபெடரல் சட்டம், எந்த ஸ்டேட்டா இருந்தாலும். முக்கியமான விலக்கு, முறையா வாங்குன வேட்டை லைசன்ஸ் கையில இருக்கணும். வச்சிருக்கறதுன்னா இடுப்புல சொருகி இருக்கணும்னு இல்ல, அது அங்க இருக்குன்னு தெரிஞ்சு, எடுக்கற வசதியும் எண்ணமும் இருந்துச்சுன்னு காட்டுனாலே போதும். அவன் டிரைவர் சீட்ல, துப்பாக்கி அவன் கைக்கெட்டற கிளவ் பாக்ஸ்ல. என்னோடதுன்னு நீ சொல்றது உனக்கு உதவலாம், அவனுக்கு முழுசா உதவும்னு சொல்ல முடியாது. தெரிஞ்சே அவன் கையில நீ குடுத்தா அது உன் மேலயும் தனி குற்றம்.

ஃபுளோரிடால படிக்க வந்த ஒரு பையன், காலேஜ்ல இருந்து நீக்கிட்டாங்க, விசா ஸ்டேட்டஸ் போச்சு, அப்புறம் ரேஞ்சுக்கு போய் வாடகை துப்பாக்கிய சுட்டான். அதுக்கே கேஸ். ரெஹைஃப்னு 2019ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, தன்னோட ஸ்டேட்டஸ் இன்னதுன்னு அவனுக்கு தெரியும்னு அரசு நிரூபிக்கணும்னாங்க. உன் ரூம்மேட்டுக்கு தான் எச்1பின்னு தெரியாதா என்ன?

வைகை நதி:
வீக்எண்ட்ல பத்து பேர் கூட்டமா ரேஞ்சுக்கு போய் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறாங்களே, அதுல பாதி எச்1பிதான். சொன்னா "டேய் எல்லாரும் போறாங்க"ங்கறாங்க.

எடிசன் அக்கா:
கம்மின்னு விக்கற கஞ்சா மிட்டாய் கதையும் சேத்துக்கோங்க. இப்போ இங்க கஞ்சா கடை சட்டப்படி இருக்கு, கம்மி வாங்கி சாப்பிடறவங்க இருக்காங்க. ஸ்டேட்டுக்குத்தான் அது ஓகே, ஃபெடரலுக்கு இன்னும் குற்றம், துப்பாக்கி வச்சிருக்கவன் பழக்கமா எடுத்தா அது தனி பிரச்சனை. ஸ்டாப்ல காப் கேட்டார்னு வெகுளியா "எப்பவாச்சும் எடுப்பேன்"னு சொல்லி வைக்காதீங்க. பொய்யும் சொல்லாதீங்க. "அந்த கேள்விக்கு பதில் சொல்ல விருப்பமில்ல"ன்னு சொன்னா போதும்.

அப்புறம் தம்பி, உங்க கிரீன் கார்ட கையில வச்சுக்கோங்க, போட்டோ இல்ல, ஒரிஜினல். 18 வயசு தாண்டுன சிட்டிசன் அல்லாதவங்க பதிவு ஆவணத்த கூடவே வச்சிருக்கணும்னு சட்டம் ரொம்ப நாளா இருக்கு, 2025ல இருந்து கெடுபிடி ஜாஸ்தி. ரூம்மேட்ட நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு, ஐ-94, அத பிரிண்ட் எடுத்துக்க சொல்லுங்க. என்ன கேட்டாலும் சிட்டிசன்னு மட்டும் வாய் தவறி சொல்லிராதீங்க, அதுக்கு விமோசனமே இல்ல.

குமாஸ்தா:
ஒண்ணு விட்டுப்போச்சு. லைசன்ஸ் தேவையில்லன்னு எடுக்காம இருக்கியே, திரும்பி வந்ததும் எடுத்துரு. ஸ்கூலுக்கு 1000 அடிக்குள்ள துப்பாக்கி கூடாதுன்னு ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கு, ஸ்டேட் குடுத்த லைசன்ஸ் இருந்தா விலக்கு. லைசன்ஸ் இல்லன்னா ரவுண்டு எடுத்து பூட்டுன பெட்டியில வச்சாத்தான் தப்பிக்கலாம். ஃபிரிஸ்கோல எந்த ரோட்ல போனாலும் ஒரு ஸ்கூல் வரும்.

கரிசல்காடு:
சரி அண்ணே, முடிவு பண்ணிட்டேன், பிஸ்டல வீட்லயே விட்டுட்டு போறேன், லைசன்ஸ் கிளாஸுக்கு வந்ததும் பேர் குடுக்கறேன். படுக்கை ரூம் அலமாரில ஒரு சின்ன நம்பர் சேஃப் இருக்கு, அதுலதான் இருக்கும்.

குமாஸ்தா:
ரூம்மேட்டுக்கு அந்த நம்பர் தெரியுமா?

கரிசல்காடு:
தெரியும், அவன் பாஸ்போர்ட்டும் அதுலதான் இருக்கு.

குமாஸ்தா:
பாஸ்போர்ட்ட எடுத்து அவன்கிட்ட குடுத்துட்டு நம்பர இன்னிக்கே மாத்து.